கோணல்கையனுக்கு

பாலம் தாண்டி ஒன்பது மைல்.
இரண்டு கார், ஏழு பேர்,
எம்மெட்டின் ஆக்சிஜன் உருளை எட்டாவது ஆள்.
ஒஹாயோ நதிமேல் தூறிக்கொண்டிருந்தது.
ஆட்டமாக இருந்தால் நிறுத்தியிருப்பார்கள்.

கஸிமிர் ஸாவிக்கி செத்துப்போனான்.
வெல்டர்ஸ் அணியின் இடதுகை வீச்சாளன்,
பதினோரு கோடைகள் எங்கள் வயிற்றெரிச்சல்.
அவர்கள் ஊரில் காஸ் என்று கொஞ்சினார்கள்,
நாங்கள் கோணல்கையன் என்றோம்.
முழங்கை ஒரு திசையில் போகும்,
பந்து வேறெங்கிருந்தோ வரும்,
எங்கள் ஆள் கொசு விரட்டுகிறவன்போல்
காற்றை அடித்துவிட்டுத் தலைகுனிந்து திரும்புவான்.

டெக்ஸ்டர் பூன் அப்படித் திரும்பியது நாற்பத்தொரு முறை.
கணக்கு என்னிடம் இருக்கிறது,
ஷூ பெட்டியில், பென்சிலில் எழுதிய அட்டைகளாக.
நாற்பத்திரண்டாவது முறை,
அறுபத்தெட்டு ஆகஸ்ட், எங்கள் மைதானம், ஏழாவது இன்னிங்ஸ்,
மட்டை எழுப்பிய சத்தம்
இன்னும் என் கடைவாய்ப் பல்லில் இருக்கிறது.
பந்து வேலி தாண்டி, டயர் கடை தாண்டி,
எனக்கென்று அன்றிருந்த ஒரே சொத்தான
பச்சை ஸ்டுட்பேக்கரின் முன்கண்ணாடிக்குள் இறங்கியது.
மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன்.
மழை உள்ளே வந்தது.
வரட்டும் என்றேன்.

எட்டாவது இன்னிங்ஸ் என்பான் லூ டிபாலோ.
அவன் அப்போது ஹாட் டாக் வரிசையில் நின்றிருந்தான்.
அன்றும் தோற்றோம், ஆறுக்கு ஒன்று.

எழுபத்தொன்பதில் எஃகு ஆலை மூடியது,
அணிகள் அதற்கு முன்பே.
மைதானத்தில் இப்போது மெத்தைக் கடை.
இரண்டாம் பேஸ் இருந்த இடத்தில்
தலையணைகள், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.
பூன் அரிசோனாவில் எங்கோ போய்ச் சேர்ந்தான்.
யாரும் எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.
பாதிரியார் இளைஞர். அன்பு என்றார், பொறுமை என்றார்.
பொறுமையா?
ஹேஸல் என் விலாவில் இடித்தாள்:
அம்பயரின் ஷூமேல் புகையிலை துப்பியவன்.
சிரிப்பை இருமலாக்கினேன்.

கல்லறையில், குடைகளுக்கு நடுவே,
அவன் மனைவி டெல்ஃபின் நேராக எங்களிடம் வந்தாள்.
"முதல் பேஸ் பக்கத்துக் கும்பல்தானே நீங்கள்?"
தொப்பியைக் கழற்றினோம். ஒப்புக்கொண்டோம்.
"இடதுகைக்காரருக்கு முகம் அந்தப் பக்கம்.
அவர் பார்த்துக்கொண்டே இருந்தது உங்களைத்தான்.
தூக்கம் வராத இரவுகளில் சொல்வார்,
நம் ஆட்கள் ஜெயிப்போமென்று தெரிந்ததும்
பீர் வாங்கப் போய்விடுவார்கள்,
கடைசிப் பந்துவரை என்னைவிட்டுக் கண்ணை எடுக்காதது
அந்தப் பாவிகள்தான் என்று."

பிறகு, பெட்டியைப் பார்த்தபடி:
"இன்றைக்கு மட்டும் ஏன் சும்மா நிற்கிறீர்கள்?"

புரியச் சற்று நேரமானது.
எம்மெட்தான் முதலில் மூக்கிலிருந்து குழாயை இறக்கினான்.
ஊ... என்றான், கெட்டில் கொதிக்க ஆரம்பிப்பதுபோல.
ஹேஸல் சேர்ந்தாள். லூ சேர்ந்தான்.
எனக்கு மூச்சு நீளாது இப்போதெல்லாம்,
இருந்ததையெல்லாம் கொடுத்தேன்.
ஏழு கிழட்டுத் தொண்டைகளின் ஊளை.
அவன் ஊர்க்காரர்கள் திரும்பி முறைத்தார்கள்,
அந்த முறைப்பில்கூட பழைய வாசம் வந்தது,
வேர்க்கடலை, ஈரப் புல், சுண்ணாம்புக் கோடு.
பாதிரியார் புத்தகத்தை மூடிவிட்டார்.
டெல்ஃபினின் தோள்கள் குலுங்கின.
அழுதாளா சிரித்தாளா,
குடை மறைத்தது.

திரும்பும்போது, பாலத்தின் நடுவில்,
"எட்டாவது இன்னிங்ஸ்தான்" என்றான் லூ.
காரை நிறுத்திவிடலாம்போல் இருந்தது.
அந்தப் பந்தை வீசியவனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.
இத்தனை வருடம் ஒன்பது மைலில் இருந்தான்.
ஒருவருக்கும் போய்க் கேட்கத் தோன்றவில்லை.