முக்காலி

என் பணியாரக் கடை முக்காலி அது.
கீழவாசலில் இருநூறு சொன்னான்,
நூற்று அறுபதுக்குப் படிந்தது.

மூட்டைக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டதற்கு
மாட்டுத்தாவணி மார்க்கெட்டில்
சுமைக்காரர்களை அடித்த அன்று
விருமையா அதைக் கேட்காமலே தூக்கிப்போய்
ஏறி நின்றான்.
மைக் இல்லை. வெங்காய லாரி
விடாமல் ஹாரன் அடித்தது.
பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது,
அந்தப் பாதிக்கே
ஒரு ஈடு பணியாரம் கருகிப்போச்சு.

"மேடு பள்ளத்துல நாற்காலி ஆடும்,
முக்காலி ஆடாது, பாத்திருக்கீங்களா?"
கால் தடுமாறியதைச் சமாளிக்கச் சொன்னான்.
யாரோ கொள்கை என்று எழுதிக்கொண்டார்கள்.

கூலியோர் முன்னணி என்று பேர் வைத்து
சின்னம் கேட்டபோது
விசிலும் பலாப்பழமும் முக்காலியும்தான்
மிச்சமிருந்ததாம்.

முதல் தேர்தலில் டெபாசிட் காலி.
எங்கள் பூத்தில் நாற்பத்தொரு ஓட்டு.
நாற்பது யாரென்று எங்களுக்குத் தெரியும்.
மிச்சம் ஒன்று யாரென்று
ஒரு வாரம் தெருத்தெருவாய் விசாரித்தான்,
நன்றி சொல்ல.

அப்புறம் வைகையில் மணல்கூட மிஞ்சாத வருஷம்.
அனுப்பானடியிலும் ஆழ்வார்புரத்திலும்
பெண்கள் குடத்தைக் கவிழ்த்து
அதன்மேலேயே உட்கார்ந்து ரோட்டை மறித்தார்கள்.
ஒன்பது வார்டு.
பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்குக் காசு வாங்குவதை
நிறுத்தினார்கள்.
சின்ன விஷயம் என்பவர்கள்
ஐந்து ரூபாய்க்காக அடக்கிக்கொண்டு
திருமங்கலம் வரை போனதில்லை.

பிறகு கூட்டணி.
யானைக்கல்லில் கட்டவுட்,
மீசை அசலைவிடக் கறுப்பு.
வாரியத் தலைவர் ஆனான்.
தம்பியின் அட்டைக்காகப் போய் நின்றேன்.
அவன் நாற்காலிக்கு ஐந்து கால்,
ஐந்திலும் சக்கரம்.
"உக்காருங்கக்கா" என்று எழுந்தவன்
பிடித்துக்கொள்ள மேஜையைத் தேடினான்.
அட்டை கிடைத்தது, அதை மறைக்கக் கூடாது.
ஒரு ரூபாயைக் கேட்டேன்.
கமிட்டி போட்டிருக்கு என்றான்.

போன ஆவணியில் கட்சி இரண்டானது.
ரெண்டு பேருக்கும் முக்காலி வேண்டும்.
சின்னம் முடக்கம் என்று பேப்பரில் போட்டான்.
காலையில் ஒரு கோஷ்டி
பத்தாயிரத்தோடு வந்தது:
"தலைவர் ஏறி நின்ன அசல், குடுத்துருங்க."
சாயங்காலம் மற்றது வக்கீலோடு.

ரெண்டு தடவையும் அதன்மேல்
சீனிக்காளை உட்கார்ந்திருந்தான்,
தோளில் சாக்கு, கையில் தட்டு.
எழுந்திருக்கவில்லை.
"ஆளு சாப்புடுதுல்ல" என்றேன்.

ஒரு கால் உளுத்து
நாலு வருஷத்துக்கு முன்பே மாற்றியாகிவிட்டது,
அதை அவர்களிடம் சொல்லவில்லை.
எந்தக் கால் என்று
இப்போது பார்த்தால் எனக்கே தெரியவில்லை.