வென்ட்ரிகுலஸ்

அத்-பாஷி என்றால் குதிரைத் தலை.
ஊருக்கே உறுப்பின் பெயர் வைத்தவர்களிடம்
உடற்கூறு பேச வந்தவள் நான்,
பிஷ்கெக்கில் லத்தீன் தாளை
இரண்டாம் முறை எழுதித் தேறியவள்.

முன்னங்காலைக் காட்டி முழங்கால் என்பார்கள்;
அது மணிக்கட்டு.
பின்னங்காலில் முட்டி என்பார்கள்;
குதிகால்.
திருத்துவதை முதல் குளிர்காலத்தோடு விட்டுவிட்டேன்.
காரை எலும்பு கிடையாது,
மார்புக்கூடு தோள்களுக்கிடையே வெறும் தசையில் தொங்குகிறது,
ஒற்றை நடுவிரலின் நகத்தில் நின்றுகொண்டு
பனியில் நாலுகால் பாய்ச்சல் ஓடுகிறது.
இதற்குப் பெயர் பிசகினால் என்ன.

தோக்தோசுனின் கருங்குதிரை
விடியுமுன் மூன்று மணிக்குத்
தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.
படுத்தது. எழுந்தது. உருண்டது.
நாடி நூற்றுப் பத்து.
ஈறு செங்கல் நிறம் மாறி ஊதா.
மூக்கு வழியே குழாயை விட்டேன்:
கொஞ்சம் பார்லி, கொஞ்சம் புளித்த நீர்,
பிறகு அடைப்பு.

குதிரைக்கு வாந்தி வராது.
உணவுக்குழாய் இரைப்பையில் சேருமிடத்தில்
உள்ளே மட்டும் திறக்கும் ஒரு வாசல்.
இதயத்துக்குப் பக்கத்து வீடு என்பதால்
அதற்குக் கார்டியா என்று பெயர்.

நாய்க்கு அந்தக் கவலையில்லை.
அதே இரவில் ஆட்டுக்கொழுப்பைத் திருடித் தின்ற தைகன்
கொட்டில் ஓரம் மூன்று தடவை கக்கிவிட்டு,
அதில் ஒரு பங்கை மறுபடி தின்றுவிட்டு,
என் பையை மோந்துகொண்டிருந்தது.

ஐந்து மணிக்குக் குதிரை சட்டென்று அமைதியானது.
தலை தூக்கி நின்றது.
"பிழைத்துவிட்டான்" என்று தோக்தோசுன் தொப்பியைக் கழற்றினார்.
நான் கையுறையைக் கழற்றினேன்.
கிழிந்த பிறகு வலிக்காது,
ஒரு அரைமணி நேரம்.
கழுத்திலிருந்து வேர்வை சொட்டத் தொடங்கியபோது
ஊசியை நிரப்பினேன்.

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்துக்குள்:
ருப்துரா வென்ட்ரிகுலி.

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகள் அனார்குல்
கைபேசியில் தட்டிப் பார்த்து
உரக்க வாசித்தாள்:
"இதயத்தின் கீழறை வெடித்தது."

வென்ட்ரிகுலஸ், குட்டி வயிறு.
லத்தீன்காரர்கள் சிக்கனம் பிடித்து
இரைப்பைக்கும் அதையே வைத்தார்கள்,
இதயத்தின் அறைக்கும் அதையே.
முதல் முறை என்னைக் கவிழ்த்த சொல்.

"நெஞ்சா?" என்றார் தோக்தோசுன்.
"போன கோடைப் பந்தயத்தில் அவ்வளவு ஓடினானே."
அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது.
அனார்குல் தளரவில்லை.
நேற்றிரவு குதிரைக்குத் தண்ணீர் காட்டியவள் அவள்.
தானியப் பெட்டியின் மூடி
சுவரில் சாய்ந்து கிடந்ததை
நுழையும்போதே டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருந்தேன்.
இப்போது மூடியிருக்கிறது.

சொல் தொண்டைவரை வந்தது.
அதற்குமேல் வரவில்லை.

கையெழுத்து வாங்கினேன்.
நாய்க்குக் கட்டமில்லை.
ஓரத்தில் 'நாய் நலம்' என்று எழுதிவிட்டு, ஏனென்று தெரியாமல்,
ஜீப் கதவைத் திறந்தபோது சொன்னேன்:
"பெட்டிக்கு ஒரு கொண்டி போடுங்கள்."
யாரையும் பார்க்கவில்லை.

"எலிக்கா?" என்றார் அவர்.

"ஆமாம், எலிக்குத்தான்" என்றாள் அனார்குல்.
குழாய் கழுவிய வாளியைப் பனியில் கவிழ்த்தாள்.
ஆவி எழுந்தது.
நாய் ஓடிவந்து மோந்து பார்த்தது.