செவ்வாய், வெள்ளி

வினிபெக்கில் தை மாதம்.
வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்துநாலு.
நான் வேலைசெய்யும் உறைகிடங்குக்குள் இருபத்திரண்டுதான்.
உள்ளே போய்ச் சூடேறுவோம் வா என்று
மரிவிக் ஒவ்வோர் இரவும் அதே பகிடியைச் சொல்வாள்.
நான் ஒவ்வோர் இரவும் சிரிப்பேன்.

பதினாறு வருடமாக என் தைரொயிட் சோம்பேறி.
கழுத்துக்குள் வண்ணத்துப்பூச்சி என்று படம் காட்டினார்கள்.
எனக்கென்னவோ அது
தலைகீழாய்த் தொங்கி நித்திரைகொள்ளும் வௌவால்.
அதன் வேலையைச் செய்ய ஒரு வெள்ளைக் குளிசை,
வெறும் வயிற்றில், விடிந்ததும்.
இரவுவேலைக்காரிக்கு விடிவது பின்னேரம் நாலு மணிக்கு.
குளிசை.
பிறகு ஒரு மணித்தியாலம்
தேத்தண்ணிக் கேத்தலைப் பார்த்தபடி இருப்பேன்,
விரதக்காரி சோற்றுப்பானையைப் பார்ப்பதுபோல.

ஐம்பத்தொன்றில் மற்றது வந்தது.
உறைந்த பட்டாணிப் பெட்டிகளுக்கு நடுவே
நெஞ்சுக்குள் யாரோ அடுப்பை மூட்டினார்கள்.
தொப்பியைக் கழற்றினேன், கையுறையை, ஜக்கெற்றை.
தலையிலிருந்து ஆவி பறந்தது.
அவித்திறக்கிய இடியப்பத் தட்டுப்போல் நின்றேன்.
மரிவிக் ஃபோர்க்லிஃப்டை நிறுத்தி
நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.
பத்து நிமிடத்தில் அந்த வேர்வை
என்மேலேயே உறையத் தொடங்கியது.

டாக்டர் லவல்லே ஈஸ்ட்ரஜன் குளிசை எழுதினார்,
கருப்பைக்குக் காவலாய் இரவில் இன்னொன்று.
மாசிக்குள் அடுப்பு அணைந்தது. நித்திரை வந்தது.
வந்த நித்திரை போகவில்லை.
பங்குனியில் சீப்பு நிறைய மயிர்.
வீட்டுக்குள்ளும் கம்பளிக் காலுறை.
இறால் பெட்டிகளை ஐஸ்கிறீம் வரிசையில் அடுக்கிவிட்டு
ஏன் எல்லாரும் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.
"வயசாகுதப்பா" என்றார் குகனேசன்,
தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
நானும் நம்பினேன்.
இப்போது எனக்குக் கோபம் அதில்தான்.

இரத்தம் எடுத்தார்கள்.
இரண்டில் இருந்த எண் ஒன்பதரையில்.
தைரொயிட் குளிசையை மறக்கிறீர்களா என்று கேட்டார் டாக்டர்.
என் கேத்தலைக் கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவரே கையமர்த்தி, கடுதாசியில் ஈரலைக் கீறினார்.
விழுங்கும் ஈஸ்ட்ரஜன் இந்த வழியால் போகும்,
போகையில் ஈரல்
தைரொயிட்டைச் சுமக்கும் புரதங்களைக் கூடுதலாய்ச் செய்யும்,
சுமக்கப்படுவது எல்லாம்...
லொறி கூடிப்போச்சு, என்றேன்.
சரக்கு லொறிக்குள்ளேயே இருக்கு,
இறக்குமிடத்தில் ஆட்கள் வெறுங்கையோடு நிக்கினம்.
அவர் பேனையை வைத்தார்.
இதை இனி எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லப்போகிறேன் என்றார்.

தைரொயிட்டைக் கூட்டலாம், அல்லது
ஈரல் பக்கம் போகாமல் தோல்வழியே ஓர் ஒட்டு.
ஒட்டு, என்றேன்.
ஆறு கிழமை கழித்துத் திரும்ப இரத்தம்.

கிழமைக்கு இரண்டு தரம் மாற்றவேண்டும்,
மறக்காத நாளாய்ப் பாருங்கள் என்றாள் மருந்துக்கடைப் பெண்.
செவ்வாய், வெள்ளி.
வாய் தானாகச் சொன்னது.
எங்கள் வீட்டில் மச்சம் சமைக்காத நாட்கள்;
இரவெல்லாம் இறாலோடு நின்றவள்
குளித்து, அடிவயிற்றை ஈரமறத் துடைத்து,
உள்ளங்கையால் அழுத்திப் பத்துவரை எண்ணுவேன்.
பழையது விட்டுப்போன பசைச் சதுரம்
எண்ணெய் பூசினாலும் லேசில் போகாது.

ஒருநாள் ஒட்டைக் காணவில்லை.
கட்டிலை உதறினேன், துவாயை உதறினேன்.
அது குகனேசனின் பெனியனில் ஏறி
கோயிலுக்குப் போய்ப் பூசை பார்த்து வந்திருந்தது.
எனக்கு ஒன்றும் ஆகாதே, என்று முகம் வெளிறினார்.
"வயசாகுதப்பா" என்றேன்.

இப்போது எண் மூன்று.
சில இரவுகளில் அடுப்பு இன்னும் புகையும், சின்னதாக;
ஜக்கெற்றின் சிப்பை மட்டும் இறக்குவேன்.

முந்தநாள் பதினோராம் வரிசையில்
மரிவிக் பகிடியை இடையில் விட்டுவிட்டுத்
தொப்பியைக் கழற்றினாள்.
ஆவி.
அவள் ஜக்கெற்றை வாங்கிக் கையில் வைத்திருந்தேன்,
கொஞ்ச நேரம்.
போடு, என்றேன் பிறகு,
வேர்வை உறையமுன்.