பத்து மணிக்கு மேல் என்ன நடந்தது

ரொசாரியோ நகரில், பரானா ஆறு தெரியாத பக்கத்து ஜன்னலோரம்
ஏழாம் எண் நாற்காலி என்னுடையது.
செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்கு ஊசி.
பத்து மணி வரை என் ரத்தம் வெளியே போய்
குளித்துவிட்டு வரும்.
அதுவரை டி.வி. பார்க்கிறேன்.

நாற்பத்தோரு வருஷம் பூட்டுத் திறந்தவன் நான்.
ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்:
அந்தத் துப்பறியும் தொடரில் நாயகி
கொண்டை ஊசியால் மூன்று நொடியில் கதவைத் திறக்கிறாள்.
திறக்காது, அம்மா.
அந்த மாதிரிப் பூட்டுக்கு
மொத்தக் கருவிப்பையோடு, மழையில்,
வீட்டுக்காரி பின்னால் நின்று புலம்பப் புலம்ப
எனக்கே இருபது நிமிஷம்.

பனிநாட்டுத் தொடர் ஒன்று. நானூறு பேர் வசிக்கும் ஊர்,
எட்டு வாரத்தில் பதினோரு கொலை.
ஒருவரும் விளக்கைப் போடுவதில்லை.
"அங்கேயும் மின்கட்டணம் ஏறிவிட்டது போல"
என்கிறாள் எட்டாம் நாற்காலி நெலிதா.
அவளுக்குப் பிடித்தது பிரேசில் தொடர்.
அதில் எந்தக் கதவுக்கும் பூட்டே கிடையாது.
யார் அழ ஆரம்பித்தாலும்
சரியாக அந்த நொடியில் யாராவது உள்ளே வந்துவிடுகிறார்கள்.
சுத்தப் பொய் என்றேன்.
நெலிதா தனியாக வசிப்பவள்.
அதற்கு மேல் வாதிடவில்லை.

போர்ப்படத்தில் குண்டடி பட்டவன்
அம்மாவுக்கு, காதலிக்கு, நாட்டுக்கு என்று
தனித்தனியாகச் செய்தி சொல்லிவிட்டுச் சாகிறான்.
"இவ்வளவு மூச்சு இருந்தால் எழுந்து நடந்திருக்கலாமே."
இது ஒவிடியோ. பஸ் கண்டக்டராக இருந்தவர்.

ஆஸ்பத்திரித் தொடரில் போன மாதம்
எங்களைப் போல ஒருத்தி வந்தாள்.
லிப்ஸ்டிக் போட்டிருந்தாள்.
நாற்பது நிமிஷத்தில் அவளுக்குச் சிறுநீரகம் கிடைத்தது,
வயலின் இசையோடு.
வார்டில் பதினோரு பேர். ஒருவரும் பேசவில்லை.
நர்ஸ் யமிலா அவசரமாக ரிமோட்டைத் தேடினாள்.
என் போர்வைக்கு அடியில்தான் இருந்தது.
கொடுக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

பிடித்த படமே இல்லையா என்றால்,
ஒன்று.
பாதிப் படம் வரை பேசிக்கொள்ளாத கணவன் மனைவி.
அவர்கள் சமையலறைக் கதவு தரையில் உரசும்.
திறக்கும்போதெல்லாம் அவள் இடுப்பால்
லேசாகத் தூக்கிக் கொடுத்துத் தள்ளுவாள்,
கை நிறையத் தட்டுகள் இருந்தாலும்.
படம் எடுத்தவர் யாரோ, நிஜமாகவே ஒரு வீட்டில் வாழ்ந்தவர்.
அவள் பெட்டியைக் கட்டில்மேல் திறந்து வைத்தபோது
மணி பத்து.
ஊசியை எடுத்துவிட்டார்கள்.

ஒன்பது மணிப் படம் விளம்பரங்களோடு பதினொன்றரைக்கு முடியும்.
முடிவுகள் எல்லாம்
பத்தரைக்கு இதே நாற்காலியில் உட்காருபவருக்கு.
அவரை நான் பார்த்ததில்லை.
கைப்பிடி உறையில் ஒரு கிழிசல்.
அதற்குள் நான் தொடக்கத்தை எழுதி வைப்பேன், அவர் முடிவை.
மாத்திரை அட்டையின் பின்பக்கம், பென்சில், சாய்ந்த எழுத்து:
"ரயிலடி வரை போனாள். மழை.
திரும்பி வந்தாள். மன்னிக்க அல்ல,
சாவியைக் கொடுக்க மறந்துவிட்டதால்.
பிறகு மழை விடவே இல்லை."

ஞாயிற்றுக்கிழமை மறுஒளிபரப்பு. வீட்டில் முழுதாகப் பார்த்தேன்.
ரயிலடியே இல்லை. ஒரு துளி மழை இல்லை.
அவன் மன்னிப்புக் கேட்கிறான், அவள் அழுகிறாள்,
கடற்கரை, கோத்த கைகள், மேலே ஏறும் பெயர்கள்.
அந்தக் கதவைக்கூட
அவன் சரிபண்ணிவிட்டான்.

ஆறு மாதமாக இந்த ஆள் கொடுத்த முடிவுகளில்
எத்தனை நடந்தவை?
கப்பலோட்டி கரை சேர்ந்தானா?
அந்த நாய்?
கோபம் வந்தது. வெள்ளி இரவு வரை இருந்தது.

சனிக்கிழமை திரையில் கால்பந்து. படம் கிடையாது.
யமிலாவிடம் பென்சில் வாங்கி
ஊசி இல்லாத கையால் எழுதினேன்:
"பூட்டுக்காரன் ஒருவனை நள்ளிரவில் ஒரு வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.
போய்ப் பார்த்தால் கதவு திறந்தே இருக்கிறது.
உள்ளே விளக்கு. மேசையில் இரண்டு தட்டு."
கிழிசலுக்குள் தள்ளினேன்.

செவ்வாய்க்கு இன்னும் மூன்று நாள்.