மூன்றாவது எழுத்து

லுப்ளின் நகராட்சி, மூன்றாம் மாடி, அறை 312.
செவ்வாய்தோறும் நான்கு மணி நேரம்
சட்டம் இலவசம்.
ஹீட்டர் சத்தம் போடும், சூடு தராது.
அதன்மேல் யாராவது ஈரக் கையுறையை
மறந்துவிட்டுப் போவார்கள்.

பெட்டியைப் பிரித்துவிட்டேன், திருப்பிக் கொடுக்கலாமா?
ரசீது இல்லை, சாட்சிக்கு என் தங்கை வந்தால் போதுமா?
கடை மூடிவிட்டார்கள், கதவின்மேல் வழக்குப் போட முடியுமா?
உத்தரவாதம் பதின்மூன்றாம் தேதி முடிந்தது,
சலவை இயந்திரம் பதினான்காம் தேதி நின்றது,
அதற்கு எப்படி ஐயா தேதி தெரிந்தது?

கடைசிக் கேள்விக்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை.

பத்தரைக்கு பொகுமிவா வந்தார்.
புது வீட்டுச் சமையலறைக்கு அலமாரி செய்யச் சொன்னவர்.
வங்கி கடனை மறுத்துவிட்டது.
வீடு இல்லாமல் அலமாரி மட்டும்
எங்கே போய் நிற்கும்?
கொடுத்த மூவாயிரம் ஸ்லோட்டி
திரும்பி வருமா, வராதா?

ரசீதை எடுத்தார். மடித்து மடித்து
பஸ் டிக்கெட் அளவுக்கு வந்திருந்தது.

இங்கே இரண்டு சொற்கள் உண்டு.
ஸலிச்கா என்றால் முன்பணம்,
பேச்சு முறிந்தால் வீடு திரும்பும்.
ஸதாதெக் என்றால் அச்சாரம்,
கொடுத்தவர் பின்வாங்கினால் போனது போனதுதான்,
வாங்கியவர் பின்வாங்கினால்
இரட்டிப்பாகக் கக்க வேண்டும்.

ரசீதில் இருந்தது சுருக்கம்,
மூன்றெழுத்தும் ஒரு புள்ளியும்.
முதல் இரண்டு எழுத்து இரண்டு சொல்லுக்கும் பொது.
மூன்றாவது ஒரு நெட்டைக் கோடு.
கோட்டுக்கு வயிறு இருந்தால் அச்சாரம்,
இல்லாவிட்டால் முன்பணம்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
வயிறு இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு.
மடிப்பில் காகிதமே இல்லை.

சந்தேகம் வந்தால் அது உங்கள் பக்கம் பேசும் என்றேன்.
கடிதம் எழுதிக் கொடுத்தேன், பதினான்கு நாள் கெடு வைத்து.
கையுறையை மறக்காமல்
எடுத்துக்கொண்டு போனார்.

ஒன்றே காலுக்கு ஒரு தச்சர்.
வலேரியான் என்றார்.
தலையில் இருப்பதைப் பனி என்று நினைத்தேன்,
உருகவில்லை. மரத்தூள்.
பட்டறை வாடகைக்கு, இழைக்கும் இயந்திரம் தவணைக்கு,
இருப்பது ஒரே வேலையாள், அவனுக்கும் காய்ச்சல்.
ஒரு பெண்மணி, சமையலறை வேலை என்று தொடங்கினார்.
நிறுத்தச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள்
மேசையில் விழுந்தது கார்பன் நகல்.

எண் 0417. அதே தேதி.
மடிப்பே படாத தாள்.
நீல மையில் மூன்றாவது எழுத்து,
நெட்டைக் கோடு, அதன் காலடியில்
கடுகளவு வயிறு.

உங்களோடு நான் பேச முடியாது என்றேன்.
நான் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லையே.
கேட்காதவரைக்கும் நல்லது.
வியாழக்கிழமை யத்விகா அம்மையார் இருப்பார்,
இரண்டாம் மாடி, இடப்பக்கம்.

காலையில் சொன்னதை இவரிடம் சொல்லக் கூடாது.
மதியம் பார்த்ததை அவரிடம் சொல்லக் கூடாது.
கடுகைவிடச் சிறியது,
மென்று முழுங்கக் கஷ்டமாக இருந்தது.

கதவருகே நின்று திரும்பினார்.
ஒன்றே ஒன்று, சார்.
ஓக் பலகையை அறுத்துவிட்டேன்,
அந்தச் சுவரின் அளவுக்கு.
வேறெந்த வீட்டுக்கும் அது பொருந்தாது.
அந்த மரம் இப்போது யாருடையது?

சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பாடம்.
எனக்குப் பதில் தெரியும், நான்கு வரியில்.
ஹீட்டர் மட்டும் பேசியது.

இரண்டு மீட்டர் பதினேழு, என்றார்,
யாருக்கோ சொல்வதுபோல,
படியிறங்கினார்.

நாற்காலியில் கிடந்த தூளைக் கையால் ஒதுக்கிவிட்டுப்
படிவத்தை எடுத்தேன்.
ஆலோசனை: வழங்கப்படவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
வழக்கம்போல மூன்றெழுத்தும் புள்ளியும் போட்டேன்.
பிறகு அதை அடித்துவிட்டு
முழுச் சொல்லாக எழுதினேன்.
கட்டத்துக்குள் அடங்கவில்லை.