பென்சில் தேதி

கோபி கச்சேரி வீதியில்
மருந்துக்கடைக்கு மேல் என் ஸ்டுடியோ.
மேசையில் ஒரு டைரி.
முன்பணம் வந்த தேதி பேனாவில்,
வாய்வார்த்தையில் நிற்கிற தேதி பென்சிலில்.
இந்த ஆவணி முழுக்கப் பென்சில்தான்.

கூகலூர் சென்னியப்பன்
சித்திரையில் படியேறி வந்தார்.
மாதிரி ஆல்பம் ஏழையும்
விரலில் எச்சில் தொடாமல் புரட்டினார்.
"ஆவணி பதினெட்டுங்க, நம்ம புள்ளைக்கு.
வேற யாருக்கும் குடுத்துராதீங்க.
மஞ்சள் மண்டியில கெடக்குது.
வெலை ஒரு ஆயிரம் ஏறட்டும்,
அட்வான்ஸக் கொண்டாந்து கையில குடுத்தர்றேன்."

மஞ்சள் ஏறவில்லை.
ஒரு கிழங்கும் நட்டறியாதவன்
தினமும் பேப்பரில் ஈரோட்டு நிலவரம் பார்த்தேன்.
விரலி இவ்வளவு, கிழங்கு இவ்வளவு.
இருபது ரூபாய் கூடினால்
டீயில் சர்க்கரை கேட்டேன்.

நடுவில் நம்பியூர்க்காரர் ஒருவர்
அதே தேதிக்கு ரொக்கத்தோடு வந்தார்,
ரப்பர் பேண்ட் போட்ட கட்டு.
"அன்னைக்கு வேலை இருக்குதுங்க" என்றேன்.
அவர் இறங்கிப் போனார்.
பதினாறு படி. அதற்கு முன் எண்ணியதில்லை.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு செய்தி:
"தம்பி, போட்டோ வேண்டாமுங்க.
தப்பா நெனச்சுக்காதீங்க."
கீழே கைகூப்பிய பொம்மை இரண்டு.

பெருந்துறையில் எவனோ
ட்ரோன் சும்மா தருகிறேன் என்றிருப்பான்.
மாப்பிள்ளையின் மாமன் மகன்
புதுக் கேமரா வாங்கியிருப்பான்.
ஒறம்பரையில் ஒரு சாவு விழுந்திருக்கும்.

"காரணம் சொல்லுங்க" என்று தட்டினேன்.
அழித்தேன்.
"நம்பியூர்ப் பார்ட்டிய விட்டுட்டேனுங்க."
அழித்தேன்.
"உங்களையாட்ட ஆளுங்களாலதான்."
இதை அழிக்கக் கொஞ்சம் நேரமானது.

முன்பணம் தேதிக்கு விலை
என்றுதான் பதினோரு வருஷமாய் நினைத்திருந்தேன்.
இல்லை.
ஏன் என்று கேட்பதற்கு அது கட்டணம்.
வாங்காதவன் வாயைத் திறக்க முடியாது.

"சரிங்க. நல்லபடியா நடக்கட்டுங்க."
அனுப்பினேன்.
ஒரு டிக். இரண்டு டிக்.
நீலம் வரவில்லை.

இரண்டாவது கேமரா சபரிக்குப் போன் போட்டேன்.
"பதினெட்டு இல்லடா."
"கேன்சலாண்ணா? அட்வான்ஸ் எவ்ளோ வாங்கியிருந்தீங்க?"
சிக்னல் கிடைக்காதவன் மாதிரி
ஹலோ, ஹலோ என்றேன்.

ரப்பரை எடுத்தபோதுதான் ஞாபகம் வந்தது.
வைகாசியில் ஒரு சாயங்காலம்
ஜோடியைக் கொடிவேரிக்குக் கூட்டிப் போயிருந்தேன்,
வெளிச்சம் பார்க்க, காசில்லாமல்.
கார்டைத் தேடிச் சொருகினேன்.

பதினோரு படம்.
மாப்பிள்ளை பதினொன்றிலும் என்னைப் பார்க்கிறார்.
தாரணி ஒன்றில் தன் செருப்பை,
ஒன்றில் மீன் வறுக்கிற அம்மாவை,
மற்ற எல்லாவற்றிலும்
சத்தி பஸ் போகிற பக்கம்.

"இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று
எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.
அவள் பார்த்த பக்கம்
நான் ஒரு தடவையாவது திரும்பியிருக்கலாம்.

கல்யாணமே நின்றதோ,
நான் மட்டும் நின்றேனோ,
தெரியாது.
அழிக்கிற பொத்தானில் கட்டைவிரலை வைத்தேன்,
எடுத்தேன்.
கார்டை ஒரு கவரில் போட்டு
மேலே எதுவும் எழுதாமல் வைத்தேன்.

காலையில் புது நம்பர், அளுக்குளியிலிருந்து.
"ஆவணி பதினெட்டு சும்மா இருக்குதுங்களா?"
"அட்வான்ஸ் போட்டாத்தானுங்க தேதி."
பல் விளக்கும்போது கண்ணாடியில் பழகிய குரல்,
பிசிறில்லாமல் வந்தது.
அந்தப் பக்கம் ஒரு எருமை கத்தியது.
"அதெல்லாம் குடுத்தர்லாமுங்க.
அடுத்த வாரம் தேங்கா வெட்டு,
வெலை மட்டும் கொஞ்சம்..."

அழித்த இடம் லேசாய்ச் சாம்பல் பூத்திருந்தது.
அதன் மேலேயே எழுதினேன்,
பென்சிலைக் கொஞ்சம் அழுத்தி.