பன்னிரண்டு மில்லிமீட்டர்

அல்மாத்தியில் ஜனவரி.
ஹீட்டர் அறையை உலர்த்திவிடுகிறது,
பசை பிடிக்க நேரமாகிறது.
கெட்டிலில் வெந்நீர் கொதிக்கவிட்டுத்தான்
இடுக்கியை எடுக்கிறேன்.

மடிப்பில்லாத இமைக்கு எல் வளைவு.
பிதுங்கிய கண்ணுக்கு நடுவில் நீளம் ஆகாது.
கடைக்கண் சரிந்திருந்தால்
சரிவுக்கு முன்பே ஏற்றி நிறுத்திவிடணும்.
எட்டு, ஒன்பது, பத்து என்று
கண்ணுக்கடியில் ஒட்டிய தாளில்
பேனாவால் குறித்துக்கொள்வேன்.

ரிம்மா ஏழாம் எண் டிராலிபஸ் ஓட்டுகிறாள்.
முகவாதம் வந்து போனதில்
இடது இமை
பாதி சாத்திய கதவாய் நின்றுவிட்டது.

"இதற்கு எட்டுக்கு மேல் பாரம் தாங்காது.
வலதையும் ஒன்பதில் நிறுத்திவிட்டால்
இரண்டும் ஒன்றுபோல் தெரியும்."

கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.
"வலது என்ன தப்புப் பண்ணுச்சு?
அதுக்குப் பன்னிரண்டே போடு.
இதுக்கு முந்துற கார் தெரிஞ்சாப் போதும்."

இரண்டு மணி நேரம்.
முடிக்கு ஒரு இழை, மூச்சை அடக்கி.
நடுவில் இடது கண் கசிந்தது.
"அழலை. அது அப்படித்தான்."
ஒற்றியெடுத்துக் காத்திருந்தேன்.

கைக்கண்ணாடியில்
வலது, கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டது.
இடது, வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கிறது.
நான் படித்த எந்த வரைபடத்திலும்
இந்த ஜோடி இல்லை.

"மூணு வாரம் தாங்குமா?"
"எண்ணெய் படக்கூடாது."
"தினமும் முகத்தில் தேய்க்கச் சொல்லியிருக்காரே டாக்டர்."
"அப்படியானால் இரண்டு."

"ரெண்டு போதும்" என்று
கம்பளித் தொப்பியைப் புருவத்துக்கு மேலேயே
நிறுத்திக்கொண்டாள்.